எஞ்சின் எரியுமுன் அறிய ஒரு வழி

(எமது சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஊரில் உயர்தரம் வரைக்கும் கணிதப் பிரிவில் படித்தேன். அதற்கு மேலே படிக்கக் காலம் விடவில்லை. இந்த ஜேர்மனி நாட்டுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களுக்கு வெல்டிங் பிடிக்கிறேன். பட்டிமன்றத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் வீட்டுக்குள் ஒளித்திருப்பேன். புகைக்குழாயைப் பற்றிப் பேசச் சொன்னபடியால் துணிந்து வந்து நிற்கிறேன்.

ஏன் இந்த விசயம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் நகரத்தில் போன வருசத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் கார் எஞ்சின்கள் எரிந்து போயின. இரண்டுமே ரேர்போ பூட்டிய பழைய கார்கள். இரண்டு பெடியளும் வேலைக்குப் போய், சீட்டுப் போட்டு, அந்தக் காசில் வாங்கினவை. அதில் ஒரு பிள்ளையின் தாயார் என்னிடம் கேட்டா: "தம்பி, சோறு அடிப்பிடிச்சாலே முதல்ல மணம் வருது. இவ்வளவு காசு குடுத்து வாங்கின கார், எரியப் போறன் எண்டு முன்னுக்கு ஒரு சொல்லுச் சொல்லாதோ?"

சொல்லும் அம்மா. அதற்கு ஒரு வாயை நாங்கள் வைத்துக் கொடுத்தால் சொல்லும். அந்த வாயைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஆங்கிலத்தில் வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சர் என்பார்கள். இங்கத்தைய கராஜ்களில் பிறைற்பாண்ட் லம்டாசொண்ட என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் சுருக்கமாக அகலச் சென்சர் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். உயர்தர இரசாயனவியலில் பீசமானம் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். ஒரு கிலோ பெற்றோல் மிச்சம் மீதியில்லாமல் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்குச் சரியாக இருந்தால் லம்டா 1 என்பார்கள். லம்டா என்பது கிரேக்க எழுத்து. காற்றுக் கூடினால் லம்டா 1க்கு மேலே போகும், அதை மெலிந்த கலவை என்போம். பெற்றோல் கூடினால் 1க்குக் கீழே வரும், அது செறிந்த கலவை.

சாதாரண ஓட்டத்தில் கார் லம்டா 1இல் நிற்கத்தான் விரும்பும், ஏனென்றால் புகையைச் சுத்தம் செய்யும் கற்றலைசர் அந்த இடத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் ரேர்போ முழுமூச்சில் ஊதும்போது கதை வேறு. அப்போது வேண்டுமென்றே பெற்றோலைக் கூட்டி ஊற்றுவார்கள். பழைய வகை ரேர்போ எஞ்சின்களில் ஒரு கிலோ பெற்றோலுக்கு 12 கிலோ காற்று, அதாவது லம்டா 0.8 அளவில் ஓடுவது வழக்கம். மேலதிகமாகப் போகும் பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுக்கிறது. பாணியில் தண்ணீர் தெளித்து இறக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெடியள் என்ன செய்கிறார்கள்? இணையத்தில் ஒரு சிப் வாங்குகிறார்கள், அல்லது ஆரோ ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய் எஞ்சின் கொம்பியூட்டரை மாற்றி எழுதுவிக்கிறார்கள். ரேர்போவின் ஊதல் கூடுகிறது. வெளியில் இருக்கும் காற்றமுக்கம் ஒரு பார். அதற்கு மேலே ரேர்போ அரை பார் ஊதினால் மொத்தம் ஒன்றரை. அதை ஒரு பாருக்குக் கூட்டினால் மொத்தம் இரண்டு. வெப்பநிலையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் எஞ்சினுக்குள் போகும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பெற்றோலும் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். கொம்பியூட்டர் கூட்டச் சொல்லிக் கட்டளை கொடுக்கும். ஆனால் இருபது வருசம் பழைய பெற்றோல் பம்பும், தன் எல்லைக்கு வந்துவிட்ட இஞ்செக்டரும் எங்கிருந்து கொடுக்கும்? பெற்றோல் கூடாமல் காற்று மட்டும் கூடினால் 12 என்பது 16 ஆகிவிடும். முழு ஊதலில் 16 என்றால் அந்த எஞ்சினுக்கு நாள் எண்ணலாம். சில நேரம் நாள் கூட இல்லை, ஒரு ஓட்டம் போதும். எரியும் வாயு 2000 பாகை செல்சியசுக்கு மேலே இருக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும். பிஸ்ரன் அலுமினியக் கலப்பில் செய்தது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சினைக் காப்பாற்றுவது சரியான கலவையும் சரியான தீப்பொறி நேரமும் குளிர்ச்சியும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், மெலிந்து ஓடும் எஞ்சின் காதுக்கு நன்றாகத்தான் கேட்கும், இழுவையும் நன்றாக இருக்கும். பிள்ளை சந்தோசமாக மிதிப்பான்.

"அண்ணை, என்ரை காரிலை ஏற்கெனவே லம்டா சென்சர் இருக்குத்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. லம்டா சென்சர் புதுச் சாமான் இல்லை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் செய்து, 1976 ஆம் ஆண்டு வொல்வோ கார்களில் அமெரிக்கச் சந்தைக்கென முதன்முதலில் பூட்டப்பட்டது. ஆனால் அது ஒடுங்கிய வகை. லம்டா 1 என்ற கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்லும். மெலிந்தால் 0.1 வோல்ற் அளவில், செறிந்தால் 0.8, 0.9 வோல்ற் அளவில் காட்டும். நடுவில் 0.45இல் கோடு. 13 ஆக இருந்தாலும் 11 ஆக இருந்தாலும் அதற்கு எல்லாம் "செறிவு"தான். கடனீரேரியில் இறங்கினவன் கரையில் நிற்பவனிடம், "தண்ணி இருக்கு" என்று மட்டும் சொல்லுவது போல. முழங்காலுக்கா கழுத்துக்கா என்று தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் இறங்க ஏலுமா?

அகலச் சென்சர் அந்த ஆழத்தைச் சொல்லும். 1992 ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் வீ.எக்ஸ் காரிலேயே ஐந்து கம்பியுள்ள இப்படியான ஒரு சென்சர் வந்துவிட்டது. வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன், பொறுத்துக் கேளுங்கோ.

சென்சரின் நுனியில் சேர்க்கோனியம் ஒட்சைட்டு மட்பாண்டம் இருக்கிறது. சூடேறினால் இது ஒட்சிசன் அயன்களைத் தனக்கூடாகப் போகவிடும். அதற்குள் மிகச் சிறிய ஓர் அறை. புகை ஒரு நுண்ணிய இடைவெளியால் அந்த அறைக்குள் கசிந்து வருகிறது. அறைக்குள் எப்போதும் லம்டா 1 நிற்கும்படி, ஒரு மின்பம்பு ஒட்சிசனை வெளியே இறைக்கிறது அல்லது உள்ளே விடுகிறது. ஊரில் தோட்டத்துத் தொட்டியை நினையுங்கள். தொட்டியில் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லி ஒருவரை நிறுத்துகிறோம். கூடினால் இறைக்கிறார், குறைந்தால் ஊற்றுகிறார். அவர் எத்தனை வாளி இறைத்தார், எத்தனை வாளி ஊற்றினார் என்று எண்ணிக்கொண்டு இருந்தால், வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்று தொட்டியைப் பார்க்காமலே சொல்லலாம். இங்கே வாளிக்குப் பதில் மின்னோட்டம். மெலிந்த புகை என்றால் மின்னோட்டம் ஒரு திசையில், செறிந்த புகை என்றால் மறு திசையில், லம்டா 1இல் பூச்சியம். அதை ஒரு சிறு பெட்டி அளந்து, கண்ணுக்கு முன்னால் உள்ள மீற்றரில் இலக்கமாகக் காட்டுகிறது. சென்சர், பெட்டி, மீற்றர் எல்லாம் சேர்ந்து 200 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே கீழே வரும். எரிந்த எஞ்சினுக்கு அந்தப் பிள்ளை கொடுத்த காசை இதிலே சொல்ல விரும்பவில்லை, தாயார் முன்வரிசையில் இருக்கிறா.

வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். இப்போதைய ரேர்போ கார்களில் கற்றலைசருக்கு முன்னால் தொழிற்சாலையிலேயே அகலச் சென்சரைத்தான் பூட்டி அனுப்புகிறார்கள். அப்படியென்றால் ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி செருகியில் ஒரு சிறு கருவியைக் குத்தி, லம்டாவைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஒரு ஓட்டையும் போடத் தேவையில்லை. பழைய கார்களுக்குத்தான் இந்த வேலை. எங்கடை பெடியள் விரும்பி வாங்கும் நாலாம் தலைமுறை வொக்ஸ்வாகன் கொல்ஃப் ஜி.ரி.ஐயை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லீற்றர், இருபது வால்வு, ரேர்போ. அதில் ஏ.ஜி.யூ என்ற எழுத்துள்ள முந்திய எஞ்சினுக்கு ஒடுங்கிய சென்சர். பிந்தி வந்த ஏ.யூ.எம் எஞ்சினுக்கு அகலச் சென்சர். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே கார். ஆகவே எஞ்சின் எழுத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனிப் பூட்டும் வேலைக்கு வருவோம். எங்கே பூட்டுவது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

ரேர்போவுக்கு முன்னால், எஞ்சின் பக்கத்தில் பூட்டவே கூடாது. அங்கே புகையின் அமுக்கம் கூட, சூடும் கூட. அமுக்கம் மாறினால் சென்சர் காட்டும் கணக்கும் மாறும். பெரும்பாலான மீற்றர்களோடு வரும் பொஷ் எல்.எஸ்.யூ 4.9 சென்சருக்குத் தொடர்ந்து தாங்கக்கூடிய புகைச் சூடு 930 பாகை செல்சியஸ். ரேர்போவுக்கு முன்னால் முழு மிதியில் அதைத் தாண்டிவிடலாம். ரேர்போ கொஞ்சச் சூட்டைத் தின்றுவிடும், அதனால் அதற்குப் பின்னால்தான் இடம். கற்றலைசருக்குப் பின்னாலும் கூடாது, ஏனென்றால் அது மிச்ச ஒட்சிசனைத் தின்றுவிட்டுத்தான் புகையை விடுகிறது. கடைசிக் குழாயின் வாயில் கொழுவி வைப்பார்கள் சிலர். சும்மா நிற்கும்போது வெளிக்காற்றே அந்த வாயால் உள்ளே வரும், அது பிறகு ஊர்ப்புதினம் கேட்டுச் சொல்லும் சென்சர் ஆகிவிடும். ஆகவே ரேர்போவுக்கும் கற்றலைசருக்கும் நடுவில், ரேர்போவில் இருந்து இயன்ற அளவு தள்ளி. 60 சென்ரிமீற்றர் தள்ளச் சொல்லுவார்கள். கொல்ஃப் போன்ற காரில் அந்த நீளம் கிடைப்பது கஷ்டம், இருக்கிற இடத்தில் கற்றலைசர்ப் பக்கமாக ஒதுக்க வேண்டியதுதான்.

குழாயின் மேற்பாதியில் வைக்க வேண்டும். மணிக்கூட்டு முகம் என்று நினைத்தால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். கிடையாகவும் வைக்காதீர்கள், குறைந்தது 10 பாகை சரிவு வேண்டும், நுனி கீழே பார்க்க வேண்டும். காரணம் தண்ணீர். குளிர் காலையில் கார் ஸ்ராட் பண்ணினால் புகைக்குழாய்க்குள் தண்ணீர் ஒடுங்கி நிற்கும், நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். இந்தச் சென்சரின் உள்ளே உள்ள சூடாக்கி அதை 780 பாகை அளவுக்குக் காய்ச்சி வைத்திருக்கும். காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெடிக்கும். 

வெல்டிங் என் சொந்த வேலை, இதிலே கொஞ்சம் உரிமையோடு சொல்லுவேன். குழாயைக் காரில் வைத்துக்கொண்டு வெல்டிங் பிடிக்காதீர்கள். கழற்றி எடுங்கள். மேலே பெற்றோல் குழாய், பிரேக் குழாய், வயர்க்கட்டு எல்லாம் போகிறது, மின்சாரம் தவறான வழியால் போனால் எஞ்சின் கொம்பியூட்டரும் போய்விடும். காரை உயர்த்தும்போது ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம், இரண்டு பக்கமும் தாங்கி வையுங்கள். இந்த ஒன்றுக்காகவே நான் பேச வந்ததாக வைத்துக்கொண்டாலும் சரி.

சென்சருக்கு 18 மில்லிமீற்றர், 1.5 புரியுள்ள தடித்த நட் ஒன்று வேண்டும். துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். நாகம் பூசிய நட்டை வெல்டிங் பிடித்தால் வரும் வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும், தொழிற்சாலைக்காரருக்கு அது தெரியும். ஓட்டையைப் போட்டு, பிசிறை அரவி, உள்ளே விழுந்த உருக்குத் துகள்களைத் துடைத்து எடுங்கள். துகள் மிச்சமிருந்தால் கற்றலைசருக்குள் போய்க் குந்தும். நட்டுக்குள் ஒரு பழைய சென்சரையோ அதே புரியுள்ள போல்ற்றையோ முறுக்கி வைத்துவிட்டு வெல்டிங் பிடியுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் புரி நெளிந்துவிடும். ஒரே மூச்சில் சுற்றிப் பிடிக்காமல் நாலு துண்டாக, எதிரெதிர்ப் பக்கமாகப் பிடியுங்கள். குழாயும் துருப்பிடிக்காததென்றால் உள்ளுக்கும் ஆகன் வாயு விட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் கருகிச் சீனிப்பாகு உறைந்தது போல் பொருபொருத்துப் போகும். குழாய் சாதாரண இரும்பென்றால் 309 கம்பி பாவியுங்கள், அது இரண்டு வகை உருக்கையும் சேர்த்துப் பிடிக்கும். இதெல்லாம் தெரியாதவர் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. பத்து நிமிச வேலை, நான் சோத்துக்கே செய்து தருவேன்.

குழாய் ஆறினபிறகு ஊசித்துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாயை அடைத்து மறு வாயால் காற்று விட்டு, சவர்க்காரத் தண்ணீர் பூசினால் நுரை காட்டிக் கொடுக்கும். ஏன் இதில் இவ்வளவு கவனம் என்று பிறகு சொல்லுகிறேன்.

சென்சரை 40 முதல் 60 நியூற்றன் மீற்றர் வரை இறுக்கலாம். புதுச் சென்சரின் புரியில் கிறீஸ் ஏற்கெனவே பூசி வரும், நீங்கள் இன்னொன்றைப் பூசி நுனியில் படவிடாதீர்கள். கஸ்கற் பசைகளில் சிலிக்கன் ஆவி விடும் வகை சென்சரைக் கெடுக்கும். அதன் செருகிக்குள் ஒவ்வொரு சென்சருக்கும் தனித்தனியே அளந்து வைத்த ஒரு சிறிய தடை இருக்கிறது. வயர் நீளம் காணாது என்று செருகியை வெட்டி எறிந்தால் அந்த அளவும் போச்சு. நீட்டும் வயர் தனியாக விற்கிறார்கள்.

மின்சாரம் திறப்புப் போட்டால் மட்டும் வரும் இடத்தில் இருந்து, பெட்டியில் எழுதியிருக்கும் அளவு பியூஸ் ஊடாக எடுக்க வேண்டும். சூடாக்கி கன மின்னோட்டம் இழுக்கும். அதனால் அதன் எர்த் வயரையும் அளவு சொல்லும் வயரின் எர்த்தையும் ஒரே துருப்பிடித்த போல்ற்றில் கட்டினால் மீற்றர் ஒன்று சொல்லும், கொம்பியூட்டர் வேறொன்று சொல்லும். எஞ்சின் ஓடாமல் திறப்பைப் போட்டபடி நெடுநேரம் விடவேண்டாம். மறுவளமாக, சென்சரைப் புகைக்குழாயில் பூட்டிவிட்டு வயரைக் கொடுக்காமல் ஓடுவது அதைவிட மோசம். குளிர்ந்த சென்சரில் கரி படிந்து மூடிவிடும்.

பூட்டி முடிந்தது. இப்போது மீற்றரை வாசிப்பது.

எல்லா மீற்றரும் காற்று பெற்றோல் விகிதமாகவும் காட்டும், பலவற்றை லம்டாவாகவும் மாற்றலாம். லம்டாவாகவே வையுங்கள். இங்கே நாங்கள் அடிக்கும் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது. ஈ 10 என்ற சூப்பர் பெற்றோலில் பத்து வீதம் வரை இருக்கலாம், அதற்குச் சரியான கணக்கு 14.7 இல்லை, ஏறத்தாழ 14.1. மீற்றருக்கு அது தெரியாது. லம்டா 1 மட்டும் எந்தப் பெற்றோலுக்கும் லம்டா 1தான்.

எஞ்சின் சூடேறி சும்மா நிற்கும்போதும் சமவேகத்தில் போகும்போதும் 1ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். ஓடும்போது காலை எடுத்தால் இலக்கம் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்நேரம் கொம்பியூட்டர் பெற்றோலை முழுதாக நிறுத்திவிடுகிறது, குழாயில் போவது வெறுங்காற்று. பார்க்க வேண்டிய இடம் முழு மிதி. அப்போது ஏ.ஜி.யூ போன்ற எஞ்சினில் 0.8க்குக் கிட்ட இறங்கி நின்று, ரேர்போ ஊதி முடியும் வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கிவிட்டு, எஞ்சின் சுழற்சி கூடக் கூட 0.85, 0.9 என்று ஏறத் தொடங்கினால் பெற்றோல் காணாமல் போகிறது என்று அர்த்தம். காலை எடுங்கள். அந்த அம்மா கேட்ட "முன்னுக்குச் சொல்லுற சொல்லு" இதுதான். இந்த இலக்கம் ஏறுவதற்கும் பிஸ்ரன் உருகுவதற்கும் இடையில் காலை எடுக்க நேரம் இருக்கிறது, ஆனால் யோசிக்க நேரம் இல்லை.

புதிய நேரடி இஞ்செக்சன் எஞ்சின்கள் முழு மிதியில் இதைவிட மெலிவாக ஓடும்படி செய்யப்பட்டவை. ஆகவே நண்பனின் காரின் இலக்கத்தை உங்கள் காருக்குக் கொண்டு வராதீர்கள்.

இதை ஓட்டோபானில் சோதிக்க வேண்டாம். மீற்றரைப் பார்க்கும் கண் வீதியைப் பார்க்காது. உருளைகளில் காரை ஏற்றி அளக்கும் இடங்கள் இருக்கின்றன, ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுங்கள். மூன்று பேர் சேர்ந்தால் காசும் பெரிதில்லை.

சென்சர் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. இதைத் தெரியாவிட்டால் சென்சர் இல்லாததைவிட ஆபத்து. அது பெற்றோலை அளப்பதில்லை, புகையில் உள்ள ஒட்சிசனைத்தான் அளக்கிறது. சென்சருக்கு முன்னால் குழாயில் ஒரு வெடிப்போ, கஸ்கற்றில் கசிவோ, நான் சொன்ன வெல்டிங் ஊசித்துவாரமோ இருந்தால், புகை துடித்துத் துடித்துப் போகும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சர் "மெலிவு" என்று கத்தும். அதே போல, ஒரு பிளக் ஒழுங்காகத் தீப்பொறி விடாவிட்டால் எரியாத பெற்றோலும் எரியாத ஒட்சிசனும் சேர்ந்து வெளியே வரும். அப்போதும் "மெலிவு" என்றே காட்டும். உண்மையில் பெற்றோல் வழிந்துகொண்டிருக்கும்.

எரிந்த இரண்டு எஞ்சின்களில் மற்றதன் கதை இதுதான். அந்தத் தம்பியிடம் அகலச் சென்சர் இருந்தது. ஒரு கராஜில் பூட்டுவித்திருந்தார். மீற்றர் சும்மா நிற்கும்போதே 16 என்று காட்டியது. கொம்பியூட்டரை எழுதினவர் பெற்றோலைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பெற்றோல் சிலிண்டர்ச் சுவரில் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய், வளையங்கள் தேய்ந்து, கடைசியில் எஞ்சின் இறுகிவிட்டது. நான் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். ரேர்போவோடு சேரும் இடத்தில் கஸ்கற் கிழிந்து கறுப்புக் கோடு கிடந்தது. பத்து யூரோச் சாமான். இப்படிக் கறுப்புக் கோட்டைக் கண்டால் முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் மீற்றரை நம்ப வேண்டும்.

சென்சருக்குத் தெரியாத விசயங்களும் இருக்கின்றன. நாலு சிலிண்டரின் புகையும் கலந்த பிறகுதான் அதனிடம் வருகிறது. மூன்று செறிந்து ஒன்று மெலிந்தால் சராசரி அழகாக இருக்கும். ஒரு இஞ்செக்டர் அடைபட்டுப் போன காரில் இதுதான் நடக்கும், ஆகவே ஊதலைக் கூட்ட நினைப்பவர் முதலில் நாலு இஞ்செக்டரையும் கழற்றி அளவிடக் கொடுக்க வேண்டும். தீப்பொறி முந்தி வந்து எஞ்சின் தட்டுவதையும் சென்சர் சொல்லாது. அதற்கு வேறு காது வேண்டும். சுத்தமான பெற்றோல், 98 ஒக்ரேன் கேட்கும் எஞ்சினுக்கு 98ஏ அடிப்பது, நல்ல எண்ணெய், இவற்றுக்கு எந்த மீற்றரும் மாற்றில்லை.

இன்னுமொரு விசயம், தாய் தகப்பன்மார் கேட்டுக்கொண்டிருக்கும் போதே சொல்லிவிடுகிறேன். செறிந்த கலவையில் காபனோரொட்சைட்டு கூட வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. குளிர் என்று கராஜ்க் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விட்டு மீற்றரைப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு. கதவைத் திறந்து, காரின் பின்பக்கத்தை வெளியே வைத்து வேலை செய்யுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜேர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 19 ஆம் பிரிவின்படி, புகையோ சத்தமோ மோசமாகும்படி காரை மாற்றினால் அதன் இயக்க அனுமதி அற்றுப் போகும். கற்றலைசரை வெட்டி எடுத்துவிட்டு வெறுங்குழாய் போடுவது இதற்குள் நேராக விழுகிறது. கொம்பியூட்டரை மாற்றி வலுவைக் கூட்டினால் அதையும் ரியூவ் போன்ற இடத்தில் காட்டிப் பதிய வேண்டும், காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விபத்து நடந்தால் காப்புறுதி மற்றவருக்குக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை எங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஒரு மேலதிகச் சென்சர் பூட்டுவதால் மட்டும் கார் ஊதுவதும் கூடாது, புகையும் கூடாது. என்றாலும் குழாயில் ஓட்டை போடுமுன் பரிசோதகர் ஒருவரிடம் நேரே போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை, அவர்களும் கேட்டு வருபவனை வேறு கண்ணால்தான் பார்க்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு கடதாசிக்கு வரிசையில் நின்றவர்கள். காரின் கடதாசியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டாம்.

தொழிற்சாலையில் நான் ஒரு குழாயைப் பிடித்து முடித்ததும் அடுத்தவர் அதை அளக்கிறார். அவருக்கு என்னில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பத்து வருசமாகப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிக்கும் மனிசன். என்றாலும் அளந்த பிறகுதான் கையெழுத்து வைப்பார். தம்பிமார் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "உதுக்கெல்லாம் நேரம் இல்லை அண்ணை, சிப் ஏற்கெனவே வந்திட்டுது" என்று சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். சிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், அது பழுதாகாது. சென்சரை முதலில் பூட்டி, தொழிற்சாலை தந்த ஊதலோடேயே ஒரு மாதம் ஓடி, இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். குளிர் காலை எவ்வளவு, முழு மிதியில் எவ்வளவு, மேட்டில் எவ்வளவு என்று. பிறகு அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், இருந்து பார்ப்போம். உங்கள் பம்ப் களைத்துப் போய்விட்டதா, ஊதலைக் கூட்ட இடமிருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு தம்பியின் கொல்ஃப் நிற்கிறது, ஏ.ஜி.யூ எஞ்சின், போன மாதம் நானும் அவருமாகச் சென்சர் பூட்டினது. தேநீர் இடைவேளையில் வந்து குனிந்து பாருங்கள். தொடவேண்டாம், குழாய் இன்னும் சூடாகத்தான் இருக்கும். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம், தமிழிலோ ஜேர்மனிலோ.